தாயம் விழாத ராத்திரியில் காயை எங்கே வைப்பது

யாங்கோனில் கரண்டு போனால் எங்கள் வீட்டில் தாயம்தான். அக்கா பிள்ளைகள் சார்ஜ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிடுவார்கள். ஐந்தாறு முறை உருட்டியும் தாயம், அதாவது 1, விழவில்லை என்றால் சின்னவனுக்குக் கண் கலங்கிவிடும். "சித்தி, எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது" என்பான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

விதிகள் வீட்டுக்கு வீடு மாறும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க அப்பத்தா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது: தாயம் போட்டால்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு உருட்டு உண்டு.

முதலில் கட்டையைப் பாருங்கள். எங்களுடையது அப்பத்தாவின் பித்தளைக் கட்டை, சுண்டுவிரல் நீளம். நான்கு முகத்தில் மூன்றில் 1, 2, 3 புள்ளிகள், ஒன்று வெறும் முகம். விளிம்பு தேய்ந்த கட்டை ஒரே பக்கம் சாயும். சந்தேகம் வந்தால் ஒற்றைக் கட்டையை 80 முறை உருட்டி எழுதிவையுங்கள். ஒவ்வொரு முகமும் 20க்கு அக்கம்பக்கம் வர வேண்டும். 15, 25 என்று வந்தால் சரி. ஒரே முகம் 35 முறை வந்தால் அந்தக் கட்டை வேண்டாம். அப்புறம், கட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவில் நன்றாக உருட்டித்தான் விட வேண்டும். சின்னவன் சறுக்கிவிடுவான், அதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். இரண்டும் வெறும் முகமானால் 12, அது ஒரே விதம். 6க்கும் ஒன்றுதான். தாயத்துக்கு இரண்டு, 5க்கு இரண்டு. 2க்கும் 4க்கும் மும்மூன்று. 3க்கு மட்டும் நான்கு விதம்: வெறுமையும் மூன்றும், மூன்றும் வெறுமையும், ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும்.

ஆக தாயம் எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டினால் கட்டாயம் ஒன்று விழும் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டிலும் விழாமல் போவது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே நடக்கும். முன்பு என்ன விழுந்தது என்று கட்டைக்கு ஞாபகம் கிடையாது. சின்னவனுக்கு இது புரிந்த நாளில் அழுகை நின்றது.

கட்டை நம் கையில் இல்லை, காயை வைக்கும் இடம் நம் கையில்தான் இருக்கிறது. எதிராளி காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்காதீர்கள், நான்கில் ஒரு முறைக்கு மேல் வெட்டுப்படுவீர்கள். வெட்ட முடியாத மலைக் கட்டம் எட்டினால் அங்கே போய்விடுங்கள். எட்டவில்லை என்றால் ஏழு கட்டம் தள்ளி நில்லுங்கள். ஒரே உருட்டில் 7 விழாது. 5ம் 2ம், 6ம் 1ம் என்று அடுத்தடுத்து விழுந்தால்தான் உண்டு, அது நூற்றுக்கு நாலைந்து தடவைதான். போன வாரம் பெரியவளுக்கு 4 விழுந்தது. சுற்றை முடித்துப் பழம் ஏறப் போகும் காயை நகர்த்தத்தான் கை போனது. தன் இன்னொரு காய்க்கு மூன்று கட்டம் பின்னால் தம்பியின் காய் நிற்பதைப் பார்த்து நிறுத்தி, தன் அந்தக் காயையே ஏழுக்குத் தள்ளினாள். அவன் 3 போட்டான். வெட்ட ஒன்றுமில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

பித்தளைக் கட்டை இல்லாதவர்கள் புளியங்கொட்டையை சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து ஆடலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. எவ்வளவு தேய்த்தோம் என்பதைப் பொறுத்துக் கொட்டை ஒரு பக்கம் கவிழும், அதனால் எல்லோரும் அதே கொட்டைகளை வைத்து ஆடுங்கள்.