கத்திரி வெயிலுக்கு ஒரு பீர், ஐப்பசி மழைக்கு ஒரு பீர்

சென்னையில் பீர் வாங்கப் போனால் பிராண்டைக் கேட்பதற்கு முன்னால் "கூலிங் இருக்கா?" என்றுதான் கேட்போம். 38 டிகிரி வெயிலில் வேறு எதைக் கேட்பது, தப்பே இல்லை. ஆனால் சின்ன ஆலைகளில் ருசிக்காகவே காய்ச்சுகிற கிராஃப்ட் பீர் பக்கம் வந்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பல் கூசும் அளவுக்கு ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப்போகும், காசு போட்டு வாங்கிய பீரும் சாதா பீரும் ஒரே ருசியாகத்தான் தெரியும். எந்த ரகம் உசத்தி என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. அன்றைய வெயிலையும் தட்டில் இருக்கும் சைடிஷையும் பார்த்துத்தான் நான் பீரைத் தேர்ந்தெடுப்பேன். (21 வயது ஆகாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், சட்டம் அப்படி.)

சித்திரை, வைகாசிக்கு என் முதல் ஓட்டு கோதுமை பீருக்கு. இதில் இரண்டு வகை. பெல்ஜியத்து விட்பியரில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள், அதனாலேயே நெத்திலி வறுவலோடும் வஞ்சிரத்தோடும் அது அப்படிப் பொருந்தும், மேலே எலுமிச்சை பிழியக்கூடத் தேவையிருக்காது. ஜெர்மனியின் ஹெஃபவைசன் வேறு மாதிரி. முதல் வாய் குடித்ததும் "வாழைப்பழ எசென்ஸ் ஊத்திட்டாங்களா" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார். யாரும் எதுவும் ஊற்றவில்லை, அந்த வாழைப்பழ வாசனையும் கூடவே வரும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட் செய்கிற வேலை. பாட்டிலில் வாங்கினால் ஊற்றுகிற முறையிலும் விஷயம் இருக்கிறது: கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் வையுங்கள், பாட்டிலை லேசாகச் சுழற்றி அடியில் தங்கின ஈஸ்ட்டைக் கிளப்பி, அதையும் நுரைமேல் ஊற்றுங்கள். கலங்கலாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். கெட்டுப்போய்விட்டதோ என்று அந்தக் கடைசி இரண்டு விரலை சிங்கில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எங்காவது கோஸே என்கிற பீர் கிடைத்தால் விடாதீர்கள். உப்பு, புளிப்பு, மல்லி விதை என்று ஜெர்மன்காரர்கள் ஏறக்குறைய நம் நீர்மோர் மாதிரி ஒன்றைப் பீரில் செய்து வைத்திருக்கிறார்கள். மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தையோடு மதியம் மூன்று மணிக்குக் குடித்துப் பாருங்கள். ஆனால் முதல் தடவை குடிப்பவருக்கு முழு கிளாஸ் சொல்லிவிடாதீர்கள், பாதிப் பேருக்குப் பிடிக்காது.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் விஷயத்தில்தான் நான் பலரோடு முட்டிக்கொள்வேன். பெயரில் இந்தியா இருக்கிறது, அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து பேல் ஏல் கப்பலேறி மதராஸுக்கும் வந்திறங்கியது, எல்லாம் சரி. ஆனால் நம் காரத்துக்கும் அதற்கும் ஆகாது. பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவின் கசப்பும் கூடுதல் ஆல்கஹாலும் சேர்ந்து மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும், ஆந்திரா மெஸ் சிக்கன் வறுவலோடு குடித்தால் கண்ணில் தண்ணீர் வந்து பீரின் வாசனையே தெரியாமல் போகும். சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகக் குடியுங்கள், இல்லையென்றால் சூடான மெதுவடை, வறுத்த முந்திரி மாதிரி எண்ணெய் உண்டு, காரம் இல்லை என்கிற ரகமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஹாப்ஸ் வாசனை சீக்கிரம் மங்கிவிடும், அதுவும் நம் ஊர் குடோன் சூட்டில் கேட்கவே வேண்டாம். கேனைத் திருப்பித் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், மூன்று மாதம் தாண்டியிருந்தால் நான் தொடமாட்டேன்.

காரமான கறிக்கு மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) தூக்கலாக இருக்கும் ஆம்பர் ஏல் அல்லது ஜெர்மனியின் கரும்பழுப்பு டுங்கெல் எடுங்கள். லேசான இனிப்பு இருப்பதால் செட்டிநாட்டு மிளகுக் காரத்தை அடக்கும். பிரியாணிக்கும் கொத்து பரோட்டாவுக்கும் பில்ஸ்னர் போதும், யோசிக்கவே வேண்டாம். 1842-இல் செக் நாட்டுப் பில்சன் ஊரில் பிறந்த அந்தப் பொன்னிற லாகரின் வம்சம்தான் இன்று டாஸ்மாக்கில் நாம் பார்க்கிற முக்கால்வாசி பீர் பாட்டில்களும்.

அப்புறம் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர். கறுப்பாக இருப்பதால் தலைக்கு ஏறும் என்று ஒரு பயம் இங்கே உண்டு. ஸ்டவுட்டில் பேர்போன கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், நம் ஊர் ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை போகும், எது ஏறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தக் கறுப்பும் காபி வாசனையும் கருக வறுத்த பார்லியிலிருந்து வருபவை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு தெருவில் தண்ணீர் நிற்கிற சாயங்காலம் மட்டன் சுக்காவோடு இதைவிட வேறொன்று எனக்குத் தோன்றுவதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடியுங்கள், 10 முதல் 13 டிகிரிதான் இதற்குச் சரி. ஐஸ் கட்டி போடுவேன் என்பவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

தயாரிக்கிற இடத்திலேயே புதிதாகக் குடிக்க வேண்டுமென்றால் பெங்களூருவுக்கோ புதுச்சேரிக்கோ வண்டி ஏற வேண்டியதுதான், பெங்களூரு இந்திரா நகரில் சொந்தமாக பீர் காய்ச்சுகிற டாய்ட் மாதிரி இடங்களில் சனி, ஞாயிறு நம் ஊர்த் தமிழ் நிறையவே காதில் விழும். போனதும் முழு கிளாஸ் சொல்லாமல் சாம்பிளர் (ஒவ்வொரு ரகத்திலும் ஒரு குட்டி கிளாஸ்) கேளுங்கள், லைட்டானதில் தொடங்கி கசப்பும் கறுப்பும் கடைசியில் வருகிற மாதிரி குடியுங்கள், ஐபிஏவை முதலில் குடித்தால் அதற்குப் பிறகு விட்பியர் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். புதுச்சேரியிலிருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஈசிஆரில் வரலாம் என்ற யோசனை வேண்டாம், வழியில் மதுவிலக்குச் சோதனைச்சாவடி இருக்கிறது. வண்டியையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே வழக்குதான், அந்த அளவைத் தொட நிறைய பீர் தேவைப்படாது. பஸ் ராத்திரியிலும் கிடைக்கும், ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.