கிழிக்காமல் வைத்த படங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள். அவற்றை நீர்வண்ணத்தில் வரையப் பழகியபோது ஒருநாள் கால் தரையில் பாவாது. மறுநாள் பச்சையெல்லாம் சேறாகி அழுகை வரும். எட்டுப் படங்களைக் கிழித்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

என் அவசரம்தான் கோளாறு. நம்மூர் ஈரக்காற்றில், அதுவும் சாயங்கால மழை நேரத்தில், முதல் பூச்சு லேசில் காயாது. அதன்மேல் மரப்பட்டையின் செம்பழுப்பைத் தீட்டினால் அடியில் உள்ள பச்சை கரைந்து கலங்கிவிடும். பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் மண்நிறம்தானே. இப்போது புறங்கையைத் தாளில் மெல்ல வைத்துப் பார்க்கிறேன். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காற்றாடியைப் போட்டுவிட்டுத் தேநீர் கலக்கப் போய்விடுவேன். அப்புறம், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளுக்கு மாறினேன், அவ்வளவாக நெளிவதில்லை.

மனசுக்கு வேறு வழி. பிடிக்காத படத்தின் பின்னால் தேதி எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவேன். ஒரு மாதம் திறப்பதில்லை. போன வாரம் திறந்தேன். சேறு என்று ஒதுக்கிய ஒரு படத்தில், பட்டையில் பால் வெட்டிய சாய்கோடு மட்டும் அத்தனை உயிரோடு இருந்தது. அந்தக் கோட்டிலிருந்துதான் இந்த வாரப் படத்தைத் தொடங்கியிருக்கிறேன்.