ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங்குக்கு இடியம் படிப்பது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கான செய்முறை

ஐயெல்ட்ஸ் என்பது வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு. அதில் நேரில் பேசிக் காட்டும் பகுதியான ஸ்பீக்கிங்குக்குத் தயாராகும் பலருடைய போனிலும் ஒரு பிடிஎஃப் இருக்கும். "பேண்ட் 8 வாங்கித் தரும் நூறு இடியம்" என்கிற மாதிரித் தலைப்போடு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். பேண்ட் என்பது இந்தத் தேர்வில் 9 வரை போகும் மதிப்பெண். இடியம் என்பது ஆங்கில மரபுத்தொடர். அதை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வராது. இல்லாவிட்டால் ஞாபகத்துக்கு வந்த ஒன்றைச் சம்பந்தமே இல்லாத இடத்தில் செருகிவிடுவோம். இரண்டிலும் பேண்ட் ஏறாது.

முதல்முறை எழுதுகிறவருக்குப் பத்துப் பன்னிரண்டு தொடர்கள் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்தப் பன்னிரண்டும் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். அதற்கான வழி கீழே.

படி 1: மார்க் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

ஸ்பீக்கிங் டெஸ்ட் மொத்தம் 11 முதல் 14 நிமிடம். பார்ட் 1-இல் ஊர், வீடு, வேலை, சாப்பாடு என்று அன்றாட விஷயங்களில் சின்னச் சின்னக் கேள்விகள், 4 முதல் 5 நிமிடம். பார்ட் 2-இல் கையில் ஒரு க்யூ கார்டு, அதாவது பேச வேண்டிய தலைப்பு எழுதிய அட்டை, தருவார்கள். 1 நிமிடம் குறிப்பெடுத்துக்கொண்டு, 1 முதல் 2 நிமிடம் நீங்களே பேச வேண்டும். பார்ட் 3-இல் அதே தலைப்பை ஒட்டிப் பொதுவான விவாதம், அதுவும் 4 முதல் 5 நிமிடம்.

மார்க் நான்கு வகையில் பிரிகிறது: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம். இடியம் கணக்கில் வருவது சொல்வளத்தில்தான். பேண்ட் 7-க்கு, அதிகம் புழங்காத சொற்களும் மரபுத்தொடர்களும் ஓரளவு வந்தால் போதும். ஒன்றிரண்டு பொருந்தாமல் போனாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பேண்ட் 8-க்கு அவற்றைத் திறமையாகக் கையாள வேண்டும். 9-க்கு இயல்பாகவும் பிழையில்லாமலும் வர வேண்டும். எந்த பேண்டிலும் இத்தனை இடியம் பேச வேண்டும் என்று எண்ணிக்கை கிடையாது.

எக்ஸாமினர்கள் எதிர்பார்ப்பதில் 'ரன் அவுட் ஆஃப்' (தீர்ந்துபோவது), 'கெட் ஆன் வித்' (ஒத்துப்போவது), 'லுக் அப் டு' (மதிப்போடு பார்ப்பது) போன்ற ஃப்ரேஸல் வெர்ப்களும், அதாவது சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறும் வினைகளும், அடங்கும். வீட்டில் பால் தீர்ந்துபோனதை 'வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்று சட்டென்று சொல்லத் தெரிந்தவருக்கு, மழையைப் பற்றிக் கேட்டதும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று நாய் பூனையெல்லாம் வானத்திலிருந்து கொட்டுவதாகச் சொல்கிறவரைவிட நல்ல மார்க் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். அந்த 7-ஐக் குறிவைத்து 6.5-இல் நிற்பவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள். உங்களுக்குக் குறைவது இன்னும் ஐம்பது இடியமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

படி 2: முதலில் தமிழில் பதில் சொல்லிப் பாருங்கள்

பார்ட் 1-இல் வழக்கமாக வரும் கேள்விகளில் பத்தை எடுத்து, வீட்டில் பேசுகிற தமிழில் பதில் சொல்லுங்கள். அப்போது மரபுத்தொடர்கள் தானாக வந்து விழும். அவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தமிழில் எந்தச் சமயத்தில் அதைச் சொல்கிறீர்களோ, அதே சமயத்துக்கான ஆங்கிலத் தொடரைத்தான் படிக்கப் போகிறீர்கள்.

"ஹோட்டல்ல சாப்பிடுவீங்களா?" "அத்தி பூத்தாப்ல எப்பவாவது." இதற்கு 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'.

"பஸ் ஸ்டாண்டு பக்கமா?" "கூப்பிடு தூரம்தான்." இதற்கு 'எ ஸ்டோன்ஸ் த்ரோ அவே'.

"பரீட்சை எப்படி இருந்தது?" "அல்வா சாப்பிடற மாதிரி." இதற்கு 'எ பீஸ் ஆஃப் கேக்'.

"வண்டி ஓட்டக் கத்துக்கிட்டியா?" "ம், பிடிபட்டுருச்சு." இதற்கு 'ஐ காட் தி ஹேங் ஆஃப் இட்'.

"என்ன, டல்லா இருக்க?" "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு." இதற்கு 'ஐ ஃபீல் எ பிட் அண்டர் தி வெதர்'.

"வேலை கிடைச்சப்ப எப்படி இருந்துச்சு?" "தலைகால் புரியல." இதற்கு 'ஐ வாஸ் ஓவர் தி மூன்'.

"பேரு என்ன அவருக்கு?" "நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது." இதற்கு 'இட்ஸ் ஆன் தி டிப் ஆஃப் மை டங்'. இது ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டில் ஒரு பெயரோ இடமோ உண்மையிலேயே மறந்துபோகும்போது, மௌனமாக உட்கார்ந்திருக்காமல் இதைச் சொல்லி நகர்ந்துவிடலாம்.

இந்த வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. தமிழ்த் தொடரை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றக்கூடாது. 'தலைக்கு மேல வேலை' என்பதை 'ஓவர் மை ஹெட்' என்று சொன்னால், எக்ஸாமினருக்கு 'எனக்கு அது புரியவில்லை' என்று கேட்கும். வேலை மலையாகக் குவிந்திருப்பதற்கு 'அப் டு மை ஐஸ் இன் வொர்க்' என்பதுதான் வழக்கு. எனவே தமிழ்த் தொடரைச் சமயம் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஆங்கில வடிவத்தை நல்ல லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் பார்த்து எடுங்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் இரண்டும் இணையத்தில் இலவசம். உதாரண வாக்கியமும் ஒலியும் சேர்த்தே கிடைக்கும்.

உங்கள் வாழ்க்கையில் ஒட்டாத தொடரை விட்டுவிடுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கே தூங்கிவிடுகிறவர் 'நைட் அவுல்' படித்து என்ன செய்வது? அவருக்கு 'எர்லி பேர்ட்' போதும்.

படி 3: எது மாறும், எது மாறாது

தப்புகள் அதிகம் நடப்பது இங்கேதான். அதனால் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு தொடரிலும் இரும்பு மாதிரி அசையாத பகுதி ஒன்று உண்டு. காலத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி மாறும் பகுதி ஒன்று உண்டு. நோட்டில் மாறுகிற சொல்லின் கீழ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

'காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்'கை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருள் அநியாய விலை என்று சொல்ல இது. ஆர்ம், லெக் இரண்டும் அசையாது. 'டூ ஆர்ம்ஸ்' என்று பெருக்கக்கூடாது, வரிசையை மாற்றி லெக்கை முன்னால் கொண்டுவரக்கூடாது. காஸ்ட் மட்டும்தான் வினை. அதற்கு இறந்தகாலத்திலும் காஸ்ட்தான். 'காஸ்டட்' என்றால் இலக்கணத்திலும் மார்க் போகும். யாருக்குச் செலவு என்பதை நடுவில் வைக்கலாம்: 'மை லேப்டாப் காஸ்ட் மீ அன் ஆர்ம் அண்ட் எ லெக்'.

'ஸீ ஐ டு ஐ' என்றால் ஒருவரோடு கருத்து ஒத்துப்போவது. அதில் ஐ ஒருமைதான், இரண்டு கண் இருக்கிறதே என்று 'ஐஸ்' ஆக்க வேண்டாம். யாரோடு என்பதற்கு 'வித்', எந்த விஷயத்தில் என்பதற்கு 'ஆன்': 'ஐ டோன்ட் ஸீ ஐ டு ஐ வித் மை பிரதர் ஆன் மணி'. 'கெட் தி ஹேங் ஆஃப்'க்குப் பிறகு 'இட்' அல்லது ஒரு பெயர்ச்சொல் வரும், இல்லையென்றால் 'டிரைவிங்', 'குக்கிங்' போல ஐஎன்ஜி வடிவம் வரும்.

'எ', 'தி' இரண்டையும் விழுங்கிவிடுவது தமிழ் பேசுகிறவர்களிடம் சகஜம். தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் காது அதைத் தேடுவதில்லை. 'இட் வாஸ் பீஸ் ஆஃப் கேக்' என்று வந்தால் தொடர் உடைந்துவிட்டது. ஆகவே 'எ'-யோடு சேர்த்தே ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யுங்கள்.

எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 'அண்டர் தி வெதர்' லேசான தலைவலி, ஜலதோஷத்துக்கு. டெங்குவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததற்கு அதைச் சொல்லக்கூடாது. 'ஓவர் தி மூன்' ஒரு குறிப்பிட்ட நல்ல செய்தி கேட்ட நேரத்துக்கு. எப்போதும் கலகலப்பாக இருக்கும் அத்தையை வர்ணிக்க உதவாது. இவை எல்லாமே பேச்சுவழக்கு என்பதால் ரைட்டிங் டாஸ்க் 2 கட்டுரைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இதே நோட்டில் நம்ம ஊர் ஆங்கிலத்தையும் ஒரு பக்கம் களையெடுக்கலாம். 'ஐ பைஹார்ட்டட் தி போயம்' என்று நாம் தாராளமாகப் பேசுகிறோம். ஆங்கிலேயர் வழக்கில் அது 'ஐ லர்ன்ட் இட் பை ஹார்ட்'. ஊரில் இல்லை என்பதற்கு 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வேண்டாம், 'அவுட் ஆஃப் டவுன்'. படிப்பை முடித்ததற்கு 'பாஸ்ட் அவுட்' சொன்னால் மயங்கி விழுந்ததாக அர்த்தமாகும். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். புதிதாக ஐந்து இடியம் படிப்பதைவிட இந்த மூன்றைத் திருத்துவது லாபம்.

படி 4: வாய்க்குப் பழக்குங்கள்

எழுத்தில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' ஐந்து சொல். பேச்சில் அது ஏறக்குறைய 'வன்ஸினெ ப்ளூ மூன்' என்று ஒட்டி ஓடும். அழுத்தம் ப்ளூவிலும் மூனிலும் விழும். 'பீஸ் ஆஃப் கேக்'கில் ஆஃப் என்பது வகர ஒலியோடு மெலிந்து 'பீஸவ் கேய்க்' ஆகும். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக அழுத்திச் சொன்னால் ஒப்பிப்பதுபோல் கேட்கும்.

சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்ப்பது நமக்குப் பழக்கம்: கேக்கு, புக்கு, ஹார்ட்டு. கண்ணாடி முன் நின்று, கடைசி மெய்யோடு ஒலியை வெட்டி நிறுத்திப் பழகுங்கள். டிக்‌ஷனரியில் ஒலியைத் தட்டி, ஒரு முறை கேட்டு, உடனே அதே வேகத்தில் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தொடருக்கு மேல் வேண்டாம். மறுநாள் காலை முதல் வேலையாக நேற்றைய தொடரைச் சொல்லிப் பார்த்துவிட்டுப் புதியதற்குப் போங்கள்.

படி 5: பதிலுக்குள் உட்கார வையுங்கள்

பார்ட் 1 பதில் இரண்டு மூன்று வாக்கியம். அதில் ஒரு தொடருக்கு மேல் தாங்காது. 'டூ யூ ஈட் அவுட் ஆஃப்டன்?' என்று கேட்டால்: 'நாட் ரியலி, ஒன்லி ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன். மை மதர் லவ்ஸ் குக்கிங், ஸோ வீ யூஷுவலி ஈட் அட் ஹோம்.' தொடருக்குப் பின்னால் காரணம் வந்ததால்தான் அது இயல்பாகிறது. தொடரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் ஒட்ட வைத்தது தெரிந்துவிடும்.

பார்ட் 2-இல் நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு திறமையைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழுதும்போது பலருக்கும் இப்படி வரும்:

'லர்னிங் டு ரைட் எ ஸ்கூட்டர் வாஸ் நாட் எ பீஸ் ஆஃப் கேக். தி லெஸன்ஸ் காஸ்ட் மீ அன் ஆர்ம் அண்ட் எ லெக். பட் ஐ காட் தி ஹேங் ஆஃப் இட் அண்ட் ஐ வாஸ் ஓவர் தி மூன்.'

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் மூச்சு முட்டுகிறது. நான்கு தொடர் இருக்கிறது, கதை இல்லை. இதையே இப்படி மாற்றலாம்:

'மை பிரதர் டாட் மீ டு ரைட் எ ஸ்கூட்டர். ஹீ ஸெட் இட் வுட் பி எ பீஸ் ஆஃப் கேக், பட் ஐ வாஸ் ஸ்கேர்ட் ஆஃப் எவ்ரி பஸ் ஆன் தி ரோட். இட் டுக் மீ எ மந்த் டு கெட் தி ஹேங் ஆஃப் இட். தி ஃபர்ஸ்ட் டே ஐ ரோட் டு வொர்க் அலோன், ஐ கால்ட் மை மதர் ஃப்ரம் தி பார்க்கிங்.'

இரண்டு தொடர் போய்விட்டது. பதிலுக்கு பஸ்ஸைக் கண்டு பயந்ததும், அம்மாவுக்கு போன் போட்டதும் வந்தது. அந்த அம்மா வரியே சந்தோஷத்தைச் சொல்லிவிடுவதால் 'ஓவர் தி மூன்' அங்கே தேவைப்படவில்லை. மீதமிருப்பதில் ஒன்று அண்ணன் சொன்னதாக வருகிறது. இன்னொருவர் பேச்சாக வரும் இடியம் எப்போதும் இயல்பாகவே ஒலிக்கும். இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பார்ட் 3 கொஞ்சம் கனமான பேச்சு. அங்கே 'இன் தி லாங் ரன்' (நாளடைவில்), 'மேக் எண்ட்ஸ் மீட்' (வரவுக்குள் செலவைச் சமாளிப்பது), 'கட் கார்னர்ஸ்' (குறுக்கு வழியில் வேலையை முடிப்பது) போன்ற அடக்கமான தொடர்கள் பொருந்தும். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசும்போது அல்வா, நிலா எல்லாம் வேண்டாம்.

படி 6: பதிவு செய்து கேளுங்கள்

போனில் ரெக்கார்டரைப் போட்டு, ஒரு க்யூ கார்டை எடுத்து, 1 நிமிடம் குறிப்பெடுத்து, 2 நிமிடம் பேசுங்கள். குறிப்பில் இடியத்தை எழுதாதீர்கள். எழுதினால் கண் அங்கேயே போகும், பேச்சு அதை நோக்கி இழுபடும். யார், எங்கே, என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

பிறகு கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொடர் வருவதற்கு முன்னால் ஓர் இடைவெளி விழுகிறதா? விழுந்தால் அந்தத் தொடர் இன்னும் தயாராகவில்லை. அதைத் திரும்ப படி 4-க்குக் கொண்டுபோங்கள். இடைவெளியில்லாமல் வருபவற்றை மட்டும் டெஸ்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அவை எட்டுதான் என்றால் எட்டோடு போங்கள்.

டெஸ்டில் பாதித் தொடரில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். 'ஒன்லி ஒன்ஸ் இன் எ...' என்று தடுமாறினால், 'ஐ மீன், வெரி ரேர்லி' என்று சொல்லி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். ஒரு சொல் கிடைக்காதபோது அதையே வேறு விதமாகச் சொல்லிச் சமாளிப்பதற்கும் சொல்வளத்தில் மார்க் உண்டு.