உப்புக்காற்றுக்குத் தாங்குகிற மாதிரி தகடு வளைப்பது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் பட்டறைக்கு வேலை குவிவது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐஸ் பெட்டியின் உள்தகடு, இன்ஜின் மூடி, மீன் தட்டு என்று எல்லாமே தகட்டைச் சூடாக்காமல் பிரஸ் பிரேக்கில் (தகட்டை அமுக்கி வளைக்கும் மெஷின்) வளைத்துச் செய்பவை. வாடையோ கச்சானோ, இங்கே எந்தக் காற்றிலும் உப்பு இருக்கிறது. பழுதுக்கு வரும் தகடுகளில் துரு பெரும்பாலும் வளைவிலிருந்துதான் கிளம்பியிருக்கும். ஆகவே வளைவைத்தான் கவனமாகச் செய்ய வேண்டும்.

முதலில் சரக்கு. படகுக்கு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 316 ரகம் கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் 304 ரகத்தைவிட உப்பைத் தாங்கும். அலுமினியம் என்றால் 5052 ரகம். 6061 டி6 வலுவானதுதான், ஆனால் சின்ன ஆரத்தில் வளைத்தால் வெடித்துவிடும்.

தகட்டில் ரோலிங் (உருளையில் தட்டையாக்குவது) ஓடிய திசை மெல்லிய கோடுகளாகத் தெரியும். வளைக்கும் கோடு அதற்குக் குறுக்கே வர வேண்டும். தகடு மிச்சம் பிடிக்க நினைத்து இணையாக வளைத்தால் வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல் வரலாம். உப்பு போய் உட்கார அது போதும்.

தகட்டுக்கு அடியில் இருக்கும் அச்சு, அதாவது டையின் வி வடிவ வாய் தகட்டுக் கனத்தைப் போல எட்டு மடங்கு இருக்கட்டும். 2 மி.மீ. தகட்டுக்கு 16 மி.மீ. அந்த வாயில் நான்கடி நீளத்தை வளைக்க எம்எஸ் (சாதாரண இரும்பு) தகட்டுக்குச் சுமார் 20 டன் அழுத்தம் வேண்டும், எஸ்எஸ்ஸுக்கு 30. மெஷினின் கொள்ளளவைப் பார்த்துவிட்டுத்தான் பெடலில் காலை வைக்க வேண்டும்.

எஸ்எஸ் வளைத்து விட்டதும் திரும்பி விரியும். 90 டிகிரி வேண்டுமென்றால் 87, 88 வரை அமுக்க வேண்டியிருக்கும். அதே தகட்டின் வெட்டுத்துண்டில் பார்த்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே வேலைத் தகட்டைப் போடுங்கள். கோணம் தவறினால் சுத்தியலால் நிமிர்த்தித் திரும்ப வளைக்கக் கூடாது. ஒவ்வொரு வளைப்பிலும் அந்த இடம் இறுகி, கடைசியில் கீறிவிடும். 304 வளைவில் காந்தம் லேசாக ஒட்டுவதும் இந்த இறுக்கத்தோடு வருவதுதான். அதைப் பார்த்துச் சரக்கு போலி என்று சண்டைக்கு வருபவர்களிடம், வளைக்காத பகுதியில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்ததுதான் நான் விட்டுக்கொடுக்காத விஷயம். எம்எஸ் வளைத்த டையில் அப்படியே எஸ்எஸ் போடாதீர்கள். டையில் ஒட்டிய இரும்புத்தூள் தகட்டில் பதிந்துவிடும். கடல் பக்கம் போன கொஞ்ச நாளில் வளைவு நெடுகப் பழுப்புப் புள்ளி போடும். மட்டமான தகடு என்று கஸ்டமர் திட்டுவார், தகட்டின் மேல் தப்பே இருக்காது. மேலிருந்து அமுக்கும் பஞ்ச், டை இரண்டையும் சுத்தமாகத் துடையுங்கள். முடிந்தால் எஸ்எஸ்ஸுக்குத் தனி டை வையுங்கள். தகட்டின் பிளாஸ்டிக் உறையை வளைத்து முடிக்கும்வரை உரிக்க வேண்டாம்.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை இறுக்கி வளைத்தால் துத்தநாகப் பூச்சு வெடிக்கும். சின்ன கிளாம்பு, பிராக்கெட் எல்லாம் எம்எஸ்ஸில் வளைத்து முடித்தபின் கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) கொடுப்பது நல்லது.

அப்புறம், விளிம்பை முழுதாக மடித்து ஒட்ட அமுக்கிவிடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இடுக்கில் புகுந்த உப்புத்தண்ணீர் வெளியே வராது, 316-ஐயும் அரித்துவிடும். விளிம்பைக் கீழ்நோக்கி ஒரு வளைவு மட்டும் கொடுத்து, தண்ணீர் வடிய வழி விடுங்கள்.