பெட்ரோல் டேங்கில் தீச்சுடர்: வீட்டில் வரைபவர்கள் சறுக்கும் இடங்கள்

டேங்கின் முகப்பில் உருண்டு திரண்டு, இருக்கையை நோக்கி நாக்கு நாக்காக நீளும் தீச்சுடர் ஓவியம் 1950-களில் கலிபோர்னியாவின் கார்களில் புகழ்பெற்றது. இன்று கோபி, தாராபுரம் பக்கத்து இளைஞர்கள் பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கின் டேங்கைக் கழற்றி வைத்துக்கொண்டு அதையே வரையப் பார்க்கிறார்கள். கற்றுத்தரும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பலவும் தூசி புகாத கூடங்களில் எடுக்கப்பட்டவை என்பதுதான் சிக்கல். நம் வீட்டு வாசலில் வேலையைக் கெடுப்பவை வேறு: உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், ஆடிக்காற்று.

பழைய பெயிண்டை வாட்டர் பேப்பரால் தேய்க்கும்போது பக்கத்தில் ஒரு வாளி இருக்கும். அதில் இருப்பது போர் தண்ணீர் என்றால், காய்ந்ததும் தகட்டில் உப்பு தங்கிவிடும். அதன்மேல் பெயிண்ட் ஏறிவிட்டால், அடியில் கிடக்கும் உப்பு வெளியிலுள்ள ஈரத்தைப் பூச்சின் வழியாகவே இழுக்கும். மழைக்காலம் வந்ததும் கடுகளவில் கொப்புளங்கள் கிளம்பும். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் கோவைக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்கள் தேய்க்க எந்தத் தண்ணீரையும் வைத்துக்கொள்ளட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை ஒரு லிட்டர் வாங்கிவிட வேண்டும்.

காங்கேயத்தைச் சுற்றி எண்ணெய் ஆலைகள் நிறைந்த நாட்டில் தேங்காய் எண்ணெய் படாத கை ஏது? தலை வாரிவிட்டு வந்து டேங்கை நகர்த்தினால் ஐந்து விரலும் அதில் பதியும். அங்கே பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். டயரை மினுக்கத் தடவும் சிலிக்கான் பாலிஷ் இன்னும் கொடியது. துடைக்காமல் தேய்க்கத் தொடங்கினால், வாட்டர் பேப்பரே அதைக் கீறல்களுக்குள் ஏற்றிவிடும். ஆகவே தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். பலர் ஒரே துணியால் டேங்க் முழுவதையும் வழித்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அது எண்ணெயை இடம் மாற்றும் வேலைதான். ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் உலர்ந்த துணி. திரவம் ஆவியாவதற்குள் உலர்ந்த துணி பின்தொடர வேண்டும். முடிந்ததும் அந்த வடிநீரைக் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். படலமாக விரிந்து வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று, ஆனி தொடங்கிப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சோமனூர்ப் பக்கமானால் விசைத்தறிப் பஞ்சு வேறு. ஆடி முடியும் வரை தேய்ப்பது, பட்டி பார்ப்பது, தாளில் வரைந்து பழகுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. சித்திரை மதியத்தில் ஸ்பிரே கன்னிலிருந்து கிளம்பும் பெயிண்ட் தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாக விழும். மெதுவாக உலரும் தின்னர் இருக்கிறது, கேட்டால்தான் தருவார்கள். ஐப்பசி அடைமழையில் பூசினால் மேற்பரப்பு வெளுத்துவிடும். தை, மாசியில் பனி விலகிய காலை வேளைக்கு ஈடில்லை. கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள்.

இனி வரைதல். காகித மாஸ்கிங் டேப்பை வளைத்தால் உள்விளிம்பு மடியும். மடிப்புக்கு அடியில் பெயிண்ட் ஓடும். 3 மில்லிமீட்டர் அகல பிளாஸ்டிக் டேப்தான் வளைவுக்கு இணங்கும். ஃபைன்லைன் என்று கேட்க வேண்டும். அதையும் இழுத்து ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் வளைவில் எழுந்துவிடும். ஒரு கை சுருளைத் தளர்வாக முன்னே கொண்டுபோக, மறு கையின் பெருவிரல் பின்னாலேயே அழுத்திக்கொண்டு வரட்டும். கண் மட்டும் விரலைப் பார்க்காமல், சுடர் முடியப்போகும் நுனியில் இருக்க வேண்டும்.

நாக்குகள் எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி என்று வரைந்தால் டேங்கில் சீப்பு ஒட்டியதுபோல் ஆகிவிடும். ஒன்று நீளட்டும், அடுத்தது பாதியில் சுருளட்டும். இரண்டு நாக்குகளுக்கு இடையே மிஞ்சும் வெற்றிடத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. அது முன்பக்கம் உருண்டு துளிபோல் அமைந்தால்தான் சுடர் ஓடுவதாகத் தோன்றும். இரு பக்கத்தையும் கண்ணளவில் ஒப்பேற்றாதீர்கள். ஒரு பக்கத்தை டிரேஸிங் தாளில் எடுத்து, திருப்பிப் போட்டு மறுபக்கம் இறக்குங்கள். நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் டேப்பே இல்லாமல் தூரிகையால் நீளக் கோடு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு மதியம் நின்று பார்ப்பது எந்தக் காணொளியையும்விட மேல்.

கறுப்பு டேங்கில் நேரடியாக மஞ்சள் அடித்தால் பச்சை கலந்த அழுக்கு நிறம்தான் கிடைக்கும். பளிச்சென்று வர எத்தனை கோட் அடித்தாலும் விளிம்பு தடிக்குமே தவிர மஞ்சள் தெளியாது. முதலில் மெல்லிய வெள்ளை, பிறகு மஞ்சள், அதன்மேல் ஆரஞ்சைப் புகையாக, கடைசியில் சிவப்பு. சிவப்பைச் சுற்றிலும் ஒரே அளவில் அடிப்பவர்கள் நெருப்பைச் சரியாகப் பார்த்ததில்லை என்பேன். கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை அடுப்பில் சக்கை எரிவதைப் பாருங்கள்: அடியில் கண் கூசும் மஞ்சள், விலக விலக ஆரஞ்சு, நுனியில்தான் சிவப்பு. டேப்பை மறுநாள் வரை விட்டுவைத்தால் விளிம்பு பிய்ந்து வரும். தொட்டால் ஒட்டாத பதத்தில், டேப்பைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக உரிக்க வேண்டும்.

கடைசிப் பூச்சான கிளியரில் நான் கறார். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) வகைக் கிளியர் பெட்ரோல் சிந்தினால் கரையும். தாங்குவது, பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) வகை. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவியால் நுரையீரலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். துணியோ என்95 முகக்கவசமோ அதைத் தடுக்காது. முறையாக அடிப்பவர்கள் வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி அணிகிறார்கள். வீட்டில் வரைந்து முடித்து, கிளியரை மட்டும் அந்த வசதியுள்ள பட்டறைக்குக் கொடுங்கள். அடியில் என்ன வகைப் பெயிண்ட் இருக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். எனாமல் மேல் பியூ ஏறினால் சுருங்கி எழுந்துவிடும்.

மற்ற பூச்சுகளுக்கும் கரி வடிகட்டி முகமூடி வேண்டும். தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். மாலையில் பூஜையறை விளக்கு ஏற்றும் நேரம் பார்த்து ஸ்பிரே எடுக்காதீர்கள். பெட்ரோலை வடித்த டேங்கிலும் ஆவி இருக்கும்.

பெட்ரோல் மூடி உட்காரும் வளையத்தில் பெயிண்ட் ஏறக் கூடாது. ஏறினால் உரிதல் அங்கேதான் தொடங்கும். அடிப்படை நிறத்தையே மாற்றுகிறவர்கள், ஆர்சியில் வண்டியின் நிறம் பதிவாகியிருப்பதை நினைவில் வைத்து, முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டறையிலிருந்து டேங்க் வந்த அன்றே பங்க்குக்கு ஓடாதீர்கள். கிளியர் உள்ளுக்குள் இறுக ஒரு வாரமாவது விடுங்கள். மெழுகு பாலிஷ் ஒரு மாதத்துக்குப் பிறகுதான்.