பழைய செயின்சோ சூடானதும் ஏன் தானாக வேகமெடுக்கிறது?

குளிரில் ஒழுங்காக ஓடி, சூடானதும் ஐட்லில் வேகம் தானாக ஏறினால் உடனே காபரேட்டர் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். பெரும்பாலும் எங்கோ ஓட்டை வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது. கலவையில் பெற்றோல் குறைந்து, அதில் கலந்துள்ள ஒயிலும் குறைந்து, பிஸ்டன் உரசிச் சிக்கிவிடும்.

முதலில் காபரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புக்குள் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

அது நல்லதென்றால் பெரும்பாலும் கிராங் சீல்தான், அதாவது கிராங் ஷாஃப்டின் இரு பக்கமும் காற்றுப் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். சைலன்சரையும் காபரேட்டரையும் கழற்றி, இரண்டு வாயையும் ரப்பர் துண்டு வைத்து இறுக்குங்கள். இம்பல்ஸ் துளையையும் (கிராங் அறையின் அழுத்தத் துடிப்பைக் காபரேட்டருக்குக் கொண்டுபோகும் சிறு துளை) அடைக்க மறக்கவேண்டாம். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக 0.5 பார் காற்று ஏற்றி, சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. குமிழி வராவிட்டாலும் நம்பக்கூடாது: சில சீல்கள் அழுத்தத்தைத் தாங்கும், உறிஞ்சலில் விட்டுவிடும். எனவே வெக்கியூம் பம்பாலும் 0.5 பார் இழுத்துப் பாருங்கள், ஷாஃப்டை மெதுவாகச் சுழற்றியபடி.

சீலின் முகத்தில் பெரும்பாலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். உதிரிப்பாகம் வாங்க கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் போகும்போது மொடல் பெயரைவிட இந்த மூன்று எண்களே கைகொடுக்கும். பழைய சீலையும் கொண்டுபோங்கள்.

கிளட்ச் பக்கச் சீலை எடுக்க கிளட்ச் கழலவேண்டும். பெரும்பாலான மெஷின்களில் அதன் மரை இடப்புரி (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம்), வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பலவந்தப்படுத்தினால் ஷாஃப்ட் போய்விடும்.