சிறு நகரக் குடிநீர்த் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையின் பேரூராட்சிகளுக்காக இளம் பொறியாளர்கள் தயாரிக்கும் குடிநீர்த் திட்ட வரைவுகளைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த பிழைகள் அச்சுப் பிசகாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். கூட்டலிலும் அலகு மாற்றத்திலும் நேரும் பிழைகளை மேலதிகாரி திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சராசரி மழையை நம்பிக் கொள்ளளவு குறிப்பது

பணத்தையும் ஊரையும் ஒருசேரக் கெடுப்பது இந்தத் தவறுதான். இன்னமும் இதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. 20,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குரிய அளவான ஆளுக்கு 135 லிட்டரையும் 15 விழுக்காடு கசிவையும் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 32 லட்சம் லிட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 41 மில்லியன் கன அடி தேவைப்படும். சராசரி மழையில் குளத்துக்கு இதைப் போல் இரு மடங்கு வரத்து உண்டு என்று காட்டியவுடன் வரைவு முடிந்துவிடுகிறது.

ராதாபுரம் பக்கம் ஒரு பேரூராட்சிக்காக எழுதப்பட்ட அத்தகைய வரைவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குளத்துக்குப் போனேன். மடைத்தூணில் நீர் நின்ற கறை இடுப்பளவோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, மடைவாயை ஒட்டி உடைமரம் வளர்ந்திருந்தது. "மறுகால் பாஞ்சு மூணு பிசானம் ஆச்சுய்யா" என்றார் மடை பார்க்கும் பெரியவர். குளம் நிரம்பி உபரி நீர் மறுகால் வழியே வெளியேறி மூன்று பிசான நெல் பருவங்கள், அதாவது மூன்று ஆண்டுகள், ஆகிவிட்டன என்று பொருள். வரைவில் இல்லாத தகவல் அந்த ஒரு வரியில் இருந்தது.

பெருமழை ஆண்டில் மறுகால் வழியாக வெளியேறிப் போன நீரும் சராசரிக்குள் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு குடம் கூட வறண்ட ஆண்டுக்கு மிஞ்சுவதில்லை. கிழக்கே உள்ள குளங்களுக்கு வடகிழக்குப் பருவமே ஆதாரம் என்பதால், ஒரு பருவம் பொய்த்தால் ஜனவரி முதல் மறு ஆண்டு செப்டம்பர் முடிய 21 மாதங்களைத் தேக்கிய நீரைக் கொண்டே கடத்த வேண்டும். எனவே கிடைக்கும் ஆண்டுகள் அனைத்துக்கும் வரத்தையும் தேவையையும் மாதவாரியாகக் கூட்டிக்கொண்டே சென்று, இரண்டுக்கும் இடையே விழும் மிகப் பெரிய பற்றாக்குறையைக் கொள்ளளவாகக் கொள்ளுங்கள். ரிப்பிள் என்ற பொறியாளர் 1883-லேயே வகுத்துக் கொடுத்த முறை இது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இதே கணக்கில் வெயிலின் பங்கையும் எழுத வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குளத்தில் ஒன்பது மாதங்களில் ஒன்றரை மீட்டர் ஆவியாவதாகக் கொண்டால் 150 கோடி லிட்டர் போய்விடும். நீர் வற்ற வற்றப் பரப்பு சுருங்குவதால் இது சற்றுக் குறையலாம். அதே ஒன்பது மாதங்களில் ஊர் முழுவதும் செலவழிப்பது சுமார் 87 கோடி லிட்டர்தான். பரந்து ஆழமற்றுக் கிடக்கும் குளத்தை விட, ஆழப்படுத்திய சிறு பரப்பே குடிநீருக்கு ஏற்றது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த வேறுபாடே.

அணையின் அடிக்கணக்கு

பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பவை உச்ச நீர்மட்டங்கள். மதகு மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீரையும், தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை நம்பியிருக்கும் பாசன உரிமையையும் கழிக்காமல் ஊருக்குரிய பங்கை எழுதாதீர்கள்.

மேல்நிலைத் தொட்டி

நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. நம் ஊர்களில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று வால்வு திறக்கிறார்கள். மேற்சொன்ன ஊருக்குக் காலையில் மட்டும் 16 லட்சம் லிட்டர் இறங்கும். 16 மணி நேரம் ஓடும் மோட்டார் அந்த இரண்டு மணி நேரத்தில் ஏற்றுவது 4 லட்சம்தான். மீதி 12 லட்சமும் தொட்டியில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றால் 16 லட்சம் வேண்டும். மேட்டுத் தெருவில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருப்பதற்குப் பல ஊர்களில் ஆற்றில் நீர் இல்லாதது காரணமல்ல, இந்தக் கணக்கைப் போடாததே காரணம்.

திருவிழாக் கூட்டம்

கோவில் கொடை நாட்களின் தேவையைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

குளோரின்

தொட்டியடியில் அல்ல, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும்.

ஆற்றோர மோட்டார் அறை

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணியின் உறைகிணறுகளும் நீரேற்று நிலையங்களும் சேதமடைந்து, கரை நிறைய வெள்ளம் ஓடும்போதே ஊர்கள் குடிநீருக்குத் தவித்தன. அதன் பிறகும் மின்பலகையைத் தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் காட்டும் வரைபடங்கள் வருகின்றன. அணைத் திறப்பும் காட்டாற்று வரத்தும் சேர்ந்த வெள்ள மட்டத்தைக் கரையோரச் சுவர்களில் உள்ள கறைகளைக் கொண்டு அளந்து, அதற்கு மேலாகவே மின்பலகைக்கும் ஜெனரேட்டருக்கும் மேடை கட்ட வேண்டும். வெள்ள நாளிலும் ஆபரேட்டர் அங்கே போய்ச் சேரும்படி பாதையும் அதே உயரத்தில் அமைய வேண்டும்.